ஏர்கோனா, கூரையா? டெரஸ் வீட்டுக்காரர் எதை முதலில் பார்க்க வேண்டும்

எங்கள் வீடு கோலாலம்பூர் செந்தூலில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையின் நடுவில் இருக்கும் இரட்டை மாடி டெரஸ் வீடு. போன ஏப்ரலில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா தலையணையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். “சுவரைத் தொட்டுப் பாருப்பா, காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி இருக்கு” என்றார். போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பொழுது சாய்ந்து நான்கு மணி நேரம் ஆகப்போகிறது, செங்கல் இன்னும் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. எழுபது வயதைத் தாண்டியவர் அங்கே எப்படித் தூங்குவார்?

கேட்டவர்கள் எல்லோரும் ஏர்கோன் போடு என்றுதான் சொன்னார்கள். ஏர்கோனை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் ஆளைப் படுத்துவது வெப்பம் மட்டுமல்ல, புழுக்கம். ஏர்கோன் காற்றைக் குளிராக்குவதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்து குழாய் வழியாக வெளியே விடுகிறது. நான் இங்கே ஒப்பிடும் மற்ற எதுவும் அந்த வேலையைச் செய்யாது. ஆனால் 1 குதிரைசக்தி ஏர்கோன் முழு மூச்சில் ஓடும்போது முக்கால் கிலோவாட் அளவுக்கு இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு ஆறு யூனிட் வரை போகும். இன்வர்ட்டர் வகை என்றால் அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறை குளிராமல் மேலிருந்து அனல் இறங்கிக்கொண்டே இருந்தால் அது எப்போது குறைப்பது?

காற்றாடி அதே எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான் எடுக்கும். டிசி மோட்டார் காற்றாடி அதிலும் பாதி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: காற்றாடி அறையைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் அது சுற்றுவது வீண். மேல்மாடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சீலிங் காய்ந்து கிடக்கும்போது, அதை ஒட்டித் தேங்கியிருக்கும் அனலைத்தான் காற்றாடி அள்ளிக் கீழே கொட்டும்.

ஏர் கூலர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வாங்காதீர்கள். மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் அது அருமையாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே கோடைக் காற்று வறண்டது. தண்ணீர் வேகமாக ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். கோலாலம்பூர்க் காற்றோ ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. முகத்துக்கு நேரே சில்லென்று இருக்கும், அப்புறம் அரை மணி நேரத்தில் மூடிய அறை முழுக்கப் பிசுபிசுப்பு.

சரி, கூரைக்கு வருவோம். நாம் பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி வடக்கே இருக்கிறோம். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, நம் கடிகாரப்படி மதியம் ஒன்றேகால் மணிவாக்கில். மற்ற மாதங்களிலும் பெரிதாக விலகிப் போய்விடுவதில்லை. நடு வீட்டுக்கு இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் காவல். ஆகவே வெயில் உள்ளே வரும் பெரிய வாசல் கூரைதான். ஓடு காய்கிறது, ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள பொந்து அடுப்பாகிறது, பிறகு சீலிங்கே ஒரு தோசைக்கல் மாதிரி நம் தலைக்கு மேல் தகிக்கிறது.

இதற்கு மூன்று வழிகளைப் பார்த்தேன். கூரைக்கு மேல் சுழலும் காற்றுப்போக்கி சூடான காற்றை வெளியேற்றும், ஆனால் ஓட்டிலிருந்து கதிராக இறங்கும் அனலை அது தொடாது. காற்றில்லாத மதியத்தில் சோர்ந்து நிற்கும். வெள்ளைப் பூச்சு புதிதில் நன்றாக வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் நம் மழைக்கும் ஈரத்துக்கும் பாசி படிந்து கறுத்தால் பலன் குறையும். மூன்றாவது, ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாளும் சீலிங் மேல் ராக்வூல் என்னும் பாறை இழைப் பஞ்சும். இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். தாள் கதிரைத் தடுக்கிறது, ராக்வூல் மிச்சச் சூட்டைப் பிடித்துவைக்கிறது.

தாளில் ஒரு நுணுக்கம் உண்டு. பளபளப்பான பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருக்க வேண்டும், அந்தப் பக்கம் கீழே பார்த்திருந்தால் தூசியும் படியாது. எங்களுக்கு முதலில் வந்த ஆள் தாளைச் சீலிங் மேல் விரித்து, அதன்மேல் ராக்வூலைப் போட்டு அமுக்கிவிட்டுப் போய்விட்டார். இரண்டுக்கும் நடுவே நசுங்கிய தாள் வெறும் தாள்தான். கழற்றி மறுபடி போட வேண்டியதாயிற்று. வேலை முடிந்ததும் நீங்களே ஏணி வைத்து ஏறிப் பாருங்கள், அல்லது ஒரு படமாவது எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போதும் அம்மா அறையில் ஏர்கோன் இருக்கிறது. 25-இல் வைத்துக் காற்றாடியை மெதுவாக ஓடவிட்டால் போதும், சீக்கிரமே அடங்கிவிடுகிறது. மற்ற அறைகளுக்குக் காற்றாடியே சமாளிக்கிறது. கூரை வேலைக்குப் பின்தான் காற்றாடிக் காற்று காற்றாக வருகிறது.

ஜன்னலில் உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுவது மேல். கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் திரையில் பட்டு அறைக்குள்ளேயே தங்கிவிடும். நடுப்பகலில் ஜன்னலை மூடி, மழை விட்டதும் திறப்பது எங்கள் வழக்கம். ஆனால் கொசு வலை கட்டாயம். ஏடிஸ் கொசு கடிக்கும் நேரம் விடியலும் அந்தியும், நாம் காற்றுக்காகத் திறக்கும் அதே வேளை. புகைமூட்ட நாள்களில் ஜன்னல் என்ற பேச்சே இல்லை, அப்போது ஏர்கோன்தான் துணை.

மூலை வீடென்றால் பக்கச் சுவரும் காயும். மேற்குப் பக்கம் ஒரு மரமோ பந்தலோ வைத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். அடுக்குமாடியில் நடு மாடியில் இருப்பவர்களுக்குக் கூரைச் செலவே கிடையாது. அவர்கள் அந்தக் காசை மேற்கு பார்த்த ஜன்னலுக்கும் ஒரு நல்ல டிசி காற்றாடிக்கும் போடலாம்.