கியர்பாக்ஸ் போச்சுன்னாங்க, 23,000 கிலோமீட்டர் தாண்டி இன்னும் ஓடுது

என் கார் டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சக்திய ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) வச்ச 6 ஸ்பீட் ஆட்டோமேட்டிக், இப்போ 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. 92,000 வரைக்கும் கியர்பாக்ஸ்னு ஒண்ணு இருக்குறதே ஞாபகத்துல வரல. அப்புறம் ஆரம்பிச்சுது, 60-70ல ஆக்ஸிலரேட்டர லேசா மிதிச்சுட்டு போறப்ப ரெண்டு செகண்ட் நேரம் ஒரு தடதடப்பு, ரோட்டுல வரிவரியா போட்டிருக்குற ஸ்ட்ரிப் மேல ஏறுன மாதிரி.

இன்ஜின் மிஸ்ஃபயர்னு நெனச்சு ஸ்பார்க் பிளக், காயில் எல்லாம் மாத்தி பணம் தான் போச்சு. சர்வீஸ்ல காட்டுனா ஓட்டிக்கூட பாக்காம கியர்பாக்ஸ இறக்கணும்னுட்டாங்க.

அப்பதான் இந்த டெஸ்ட் தெரிய வந்துச்சு: காலி ரோட்டுல, தடதடப்பு வர்ற நேரம் ஆக்ஸிலரேட்டர விடாம பிரேக் பெடல லைட் எரியுற அளவுக்கு மட்டும் இடது காலால தொடணும், தொட்டா கன்வர்ட்டருக்குள்ள இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரா பூட்டுற லாக்கப் கிளட்ச் விட்டுடும், உடனே ஆட்டம் நின்னுச்சுன்னா பிரச்சனை அந்த கிளட்ச் பக்கம் தான், இன்ஜின் இல்ல. எனக்கு டக்குனு நின்னுச்சு. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கிற ஸ்கேனர் போட்டா பெண்டிங்ல (இன்னும் உறுதியாகாத கோளாறு லிஸ்ட்ல) பி0741 (P0741), அதுவும் லாக்கப் கிளட்ச் ஸ்லிப் ஆகுறதுக்கான கோடு தான். சாதா ஸ்கேனர் இதக் காட்டவே இல்ல.

கியர்பாக்ஸ் ஆயில இறக்குனா சிவப்பா இருக்க வேண்டியது கருப்பா வந்துச்சு, ஆனா கருகுன வாடை இல்ல. கியர்பாக்ஸ் அடியில ஆயில் நிக்குற பேன்ல இருக்குற காந்தத்துல மை மாதிரி சாம்பல் பசை மட்டும், அது சாதாரணத் தேய்மானம். இரும்புத் துணுக்கு இருந்திருந்தா நிஜமாவே கியர்பாக்ஸ இறக்கியிருக்கணும்.

ஒரு தடவை இறக்குனா பாதி ஆயில் தான் வரும், மிச்சம் கன்வர்ட்டருக்குள்ளயே நிக்கும், அதனால 500 கிலோமீட்டருக்கு ஒருக்கா மூணு தடவை மாத்துனேன். மேனுவல்ல போட்டிருக்குற கிரேடு தான், "எல்லா வண்டிக்கும் சேரும்"ங்குற டப்பாவ தொடவே இல்ல. லெவல இன்ஜின் ஓடுறப்ப, மேனுவல்ல சொன்ன சூட்டுல ஆயில் இருக்கறப்ப தான் பாக்கணும், ஏன்னா சூட்டுல ஆயில் விரியும். கடைசியா அடாப்டேஷன் ரீசெட் (கியர் மாத்துறதப் பத்தி கம்ப்யூட்டர் கத்து வச்சிருக்குறத அழிக்குறது), அதுக்கப்புறம் ஒரு 200 கிலோமீட்டர் கியர் கன்னாபின்னான்னு விழுந்துச்சு, பயந்துட்டேன், தானா சரியாயிடுச்சு.

இதெல்லாம் 95,000ல. தடதடப்பு திரும்பி வரல. காலைல குளிர்ல மட்டும் ரிவர்ஸ் விழ ஒரு செகண்ட் எடுக்குது, அது ஆயிலால போகல, இப்போதைக்கு விட்டு வச்சிருக்கேன். ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேண்டாம்னு சொல்லி வித்தவங்க யாரோட ஆயுசச் சொன்னாங்களோ, நான் 1,30,000ல மறுபடியும் இறக்கப் போறேன்.