கியோன் திருவிழா: முன்விழாவா, பின்விழாவா?

கியோட்டோவில் கியோன் திருவிழா ஜூலை மாதம் முழுவதும் நடக்கிறது. தேர்கள் ஊர்வலமாக வருவதோ இரண்டே நாள்கள்தான்: 17-ஆம் தேதி முன்விழா, 24-ஆம் தேதி பின்விழா. ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போவது?

முன்விழாவில் 23 தேர்கள் வருகின்றன. முதல் தேரான நகினாதா-ஹோகோவில் மட்டும் பொம்மைக்குப் பதிலாக ஒரு சிறுவன் அமர்ந்து வருகிறான். ஷிஜோ வீதியின் குறுக்கே கட்டியிருக்கும் புனிதக் கயிற்றை அவன் வாளால் வெட்டிய பிறகே ஊர்வலம் மேலே நகரும். 15, 16 தேதிகளின் மாலையில் காகித விளக்குகளும் தின்பண்டக் கடைகளுமாக வீதி நிறைந்துவிடும். கூட்டத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது.

பின்விழாவுக்கு 11 தேர்கள்தான், கடைகளும் கிடையாது. ஜப்பானிய மொழியில் ‘அதோ நோ மட்சுரி’, அதாவது பின்விழா, என்றால் ‘காலம் கடந்துவிட்டது, இனிப் பயனில்லை’ என்று பொருள். அந்த வழக்கை நம்பி இதைத் தவற விடாதீர்கள். 1966-இல் முன்விழாவோடு சேர்க்கப்பட்ட இந்த ஊர்வலத்தை 2014-இல் மீண்டும் தனியாகப் பிரித்தார்கள். 1864 தீயில் எரிந்துபோன கப்பல் வடிவத் தேர் ஒஃபுனே-ஹோகோவும் அந்த ஆண்டே திரும்பி வந்தது. 1826-க்குப் பிறகு ஊர்வலத்துக்கு வராதிருந்த தகாயாமா தேர் 2022-இல் வந்து சேர்ந்தது. 196 ஆண்டுகள் கழித்தும் தங்கள் தெருவின் தேரை மறக்காத மக்கள் அவர்கள்! கோய்-யாமா தேரில் தொங்கும் திரைச்சீலையில் இருப்பது டிராய் போர்க் கதையின் காட்சி. அதன் மூலத் திரை 16-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் நெய்தது. பின்விழாவுக்கு முந்தைய நாள்களின் மாலைகளில் இவற்றையெல்லாம் நிதானமாக, அருகில் நின்று பார்க்கலாம்.

இரண்டு நாளும் தவற விடக் கூடாதது தேர் திரும்பும் காட்சி. பெரிய தேர்களின் எடை 12 டன் வரை போகும். சக்கரங்களோ நேராக உருள மட்டுமே தெரிந்தவை. எனவே முனைக்கு வந்ததும் பிளந்த பச்சை மூங்கிலைச் சக்கரங்களுக்கு அடியில் பரப்பித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தேரின் மேல் நிற்பவர்கள் விசிறியை வீசிக் குரல் கொடுத்ததும், வடம் பிடித்தவர்கள் பக்கவாட்டில் இழுக்கிறார்கள். மூங்கில் நெரிய, தேர் ஆடிக்கொண்டே கொஞ்சம் திரும்பும். பிறகு மீண்டும் மூங்கில், மீண்டும் தண்ணீர்.

சிறுவன் கயிறு வெட்டுவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் 17-ஆம் தேதிக்குப் போகட்டும். என் தேர்வு 24. அன்று இரவு, இந்தத் திருவிழாவுக்குரிய யாசகா கோயிலின் மூன்று சப்பரங்களும் கோயிலுக்குத் திரும்புகின்றன. காலையில் தேர், இரவில் தெய்வம் என்று இரண்டையும் பார்த்துவிடலாம். 22-ஆம் தேதியே ஊருக்குள் வந்துவிடுங்கள். ஊர்வலத்தன்று கவராமாச்சி–ஒயிகே முனையில் ஒன்பது மணிக்கு முன்பே இடம் பிடித்துவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் மறக்க வேண்டாம், கியோட்டோவின் ஜூலை வெயில் கடுமையானது.