லிஸ்பன் போகிறீர்களா? அமோரெய்ராஸ் கோபுரத்துக்கு டுக்டுக் ஏறாதீர்கள்

போன மாதம் லிஸ்பனில் 70 யூரோவை என் கையாலேயே எடுத்து ஒருவனிடம் கொடுத்தேன். பிக்பாக்கெட் இல்லை, மிரட்டல் இல்லை, நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். சென்னையில் இருபது வருஷமாக ஆட்டோக்காரர்களோடு பேரம் பேசியவன் என்ற தெம்பு இருந்தது. அந்தத் தெம்புதான் ஆளைக் கவிழ்த்தது என்பது என் மனைவியின் தீர்ப்பு.

நான் கட்டட வேலையில் இருப்பவன். படிக்கிற காலத்தில் பின்நவீனத்துவக் கட்டடக்கலை என்று ஒப்புக்கு ஒரு வகுப்பு நடந்தது. அதில் காட்டிய ஒரே ஒரு ஸ்லைடு மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது: லிஸ்பனின் அமோரெய்ராஸ் கோபுரங்கள். தொமாஸ் தவெய்ரா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. கீழே பெரிய ஷாப்பிங் சென்டர், மேலே கண்ணாடி போர்த்திய கோபுரங்கள், கறுப்பும் இளஞ்சிவப்புமாக, தலையில் கவசம் மாட்டிக்கொண்டு நிற்கிற போர்வீரர்கள் மாதிரி. 1985இல் திறந்தபோது ஊரே இரண்டுபட்டுப் பேசியிருக்கிறது. பேசாமல் என்ன செய்யும்? ஓட்டுக் கூரைகளும் ஓவிய ஓடு பதித்த சுவர்களுமாக இருக்கிற ஊரில், மேட்டின் மேல் திடீரென்று இப்படி ஒன்று. எனக்குப் பிடிக்கும். "மால் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள் மனைவி. அரை நாள் எனக்கு, அரை நாள் அவளுக்கு என்று ஒப்பந்தம் ஆயிற்று.

ரோசியு சதுக்கத்தில் நின்று ஃபோனில் வழி பார்த்துக்கொண்டிருந்தோம். பனியன் போட்ட ஒரு பையன் வந்தான், நல்ல ஆங்கிலம், நல்ல சிரிப்பு. எங்கே போகணும் என்று கேட்டான். சொன்னேன். "மெட்ரோ அங்கே போகாது சார்" என்றான். அது உண்மை. நான் போனபோது கோபுரத்தின் வாசலில் மெட்ரோ நிலையம் இல்லை. ராட்டோ நிலையத்தில் இறங்கி மேடேறி நடக்க வேண்டும். இதை நான் ஏற்கெனவே படித்திருந்தேன், அதனால் பையன் விஷயம் தெரிந்தவன் என்று பட்டது. அடுத்ததாக, "24ஆம் நம்பர் டிராம் இன்னைக்கு ஸ்டிரைக்" என்றான். முதலில் சொன்னது நிஜமாக இருந்ததால் இதையும் நம்பிவிட்டேன். ஐரோப்பாவில் ஸ்டிரைக் என்றால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

தன் டுக்டுக்கில் சவாரி, கோபுர உச்சிக்கு டிக்கெட், வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே, வழியில் பழைய நீர்ப்பாலம், எல்லாம் சேர்த்து 35 யூரோ என்றான். இரண்டு பேருக்கு 35 என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவன் அப்படிச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. அதோடு கார்டு மிஷின் ரிப்பேர், காசுதான் வேண்டும் என்று பக்கத்தில் நினைவுப்பொருள் கடை வாசலில் தனியாக நின்ற ஒரு ஏடிஎம்மைக் காட்டினான். வங்கிச் சுவரில் இருக்கிற மல்டிபாங்கோ (அந்த ஊர் வங்கிகளின் பொது ஏடிஎம்) மிஷின் இல்லை அது. ரூபாய்க் கணக்கில் மாற்றித் தரவா என்று அது கேட்டது, அவசரத்தில் சரி என்று தட்டித் தொலைத்தேன். அந்த ஒரு தட்டலுக்குப் போன ரூபாயைத் தனியாக அழுதேன். (எங்கே எடுத்தாலும் யூரோவிலேயே கணக்கு வைக்கச் சொல்லுங்கள், மாற்றுகிற வேலையை உங்கள் வங்கி பார்த்துக்கொள்ளும்.) 100 யூரோ எடுத்தேன். பையன் மரியாதையாக இரண்டடி தள்ளித்தான் நின்றான், ஆனால் நோட்டு வெளியே வந்ததைப் பார்த்தான்.

வண்டி நம் ஊர் ஆட்டோதான், பேட்டரியில் ஓடுகிறது, சத்தமில்லை. நீர்ப்பாலம் என்று அவன் நிறுத்திக் காட்டியது அமோரெய்ராஸ் பகுதித் தெருவில் வீடுகளுக்கு நடுவே போகும் சில வளைவுகளை. ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. உண்மையில் பார்க்க வேண்டியது அல்காந்தாரா பள்ளத்தாக்கில் இருக்கிறது. 65 மீட்டர் உயரத்துக்கு எழும் கல் வளைவு அங்கே. 1748இல் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பாலம்; ஏழு வருஷம் கழித்து 1755 பூகம்பத்தில் லிஸ்பனே சரிந்தபோது இது நின்றது. அந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் வண்டி போகவே இல்லை.

மால் வாசலில் இறங்கினோம். 35 நீட்டினேன். "பெர் பெர்சன் சார்" என்றான். நான் எகிறினேன். அவன் கோபப்படவே இல்லை. சீட்டின் பின்னால் தொங்கிய லாமினேட் செய்த அட்டையைத் திருப்பி, மூலையில் எறும்பு சைஸில் இருந்த எழுத்தை விரலால் காட்டினான்: போர் பெசோவா. பெசோவா என்றால் இந்த ஊர்க் கவிஞர் ஒருவரின் பெயர் என்பதோடு என் போர்த்துகீசியம் முடிந்தது. 'ஆள்' என்று அர்த்தமாம். ஆளுக்கு 35. சுற்றி ஆட்கள் பார்க்கிறார்கள், மனைவி என் சட்டையை இழுக்கிறாள், கொடுத்துத் தொலைத்தேன். படம் போட்டு முத்திரை குத்திய இரண்டு மஞ்சள் சீட்டு கொடுத்தான்.

சீட்டை வாங்கிப் பையில் வைக்கிறேன், முதுகுக்குப் பின்னால் கிணிகிணி என்று மணி. திரும்பிப் பார்த்தால் மஞ்சள் நிற டிராம், நெற்றியில் 24, உள்ளே நிறைய ஜனம். கமோயிஸ் சதுக்கத்திலிருந்து வருகிற வண்டி. நாங்கள் நின்ற ரோசியுவிலிருந்து அந்தச் சதுக்கம் ஒரு சின்ன மேடு ஏறினால் போதும். டுக்டுக் அதற்குள் தெரு முனை தாண்டிவிட்டது.

மாலுக்குள் காட்சி மாடத்துக்கான கவுண்டரில் இருந்த பெண் மஞ்சள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்களுடையது இல்லையே" என்றார். வாரம் ஒரு தடவையாவது இப்படி யாராவது வருகிறார்களாம். வரிசையில் நிற்காமல் போகலாம் என்றானே, அங்கே வரிசையே இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு தாத்தாவும் பேத்தியும். அசல் டிக்கெட்டுக்கு ஒற்றை இலக்க யூரோதான். அதைக் கொடுத்து லிஃப்ட் ஏறினோம்.

மேலே போனதும் கொஞ்சம் கோபம் தணிந்தது, பொய் சொல்லக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து 174 மீட்டர். தேஜோ ஆறு, அதன் மேல் சிவப்புப் பாலம், அக்கரையில் கை விரித்து நிற்கும் கிறிஸ்து சிலை, இந்தப் பக்கம் சான் ஜார்ஜ் கோட்டை. அல்காந்தாரா பக்கம் திரும்பினால், பையன் காட்டாமல் விட்ட அந்தப் பெரிய வளைவுகளும் வரிசையாகத் தெரிந்தன. கோபுரங்களின் கண்ணாடியையும் கவசத்தையும் அவ்வளவு கிட்டத்தில் பார்க்க எனக்கு இன்னொரு வாய்ப்பு வராது. மனைவிக்குப் பிடித்தது கீழே, பக்கத்தில் இருந்த அமோரெய்ராஸ் பூங்கா. அமோரெய்ரா என்றால் முசுக்கொட்டை மரம். 18ஆம் நூற்றாண்டில் பட்டு நெசவுக்காகப் புழு வளர்க்க இங்கே நட்ட மரங்களால் வந்த பெயர். நீர்ப்பாலத்தின் வளைவுகள் பூங்காவின் ஓரத்திலேயே ஓடுகின்றன. நிழலில் பெஞ்சு, ஒரு காபி, காசு கேட்க ஆளில்லை.

சாப்பாட்டுக் கதை சின்னது. உட்கார்ந்ததும் கேட்காமலேயே ரொட்டி, ஆலிவ், சீஸ் வைத்தார்கள், பில்லில் 9 யூரோ ஏறியது. இதற்கு 'கூவேர்' என்று பெயர். கேட்காமல் வைத்து, நாம் தொடாமலும் விட்டால் காசு வாங்கக் கூடாது என்று போர்த்துகல் சட்டமே சொல்கிறது. நான் பாதி ரொட்டி தின்றுவிட்டேன், வாயைத் திறக்க முடியவில்லை. நீங்கள் வைத்தவுடன் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அந்த ஊரில் நமக்குக் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் புகார்ப் புத்தகம். லிவ்ரு த ரெக்லமசோயிஸ் என்பார்கள். வாடிக்கையாளரோடு வியாபாரம் செய்கிற இடத்தில் அதை வைத்திருக்க வேண்டும், கேட்டால் தர வேண்டும். ஹோட்டலில் பில் கேட்பது மாதிரி சாதாரணமாகக் கேட்கலாம், அந்தப் பெயரைச் சொன்னதுமே சிலருடைய குரல் மாறும். இணையத்திலும் எழுதலாம். எனக்கு இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னதே கவுண்டர் பெண்தான். ரசீது வாங்காதது என் தப்பு. நல்லவேளை, கிளம்பும்போது மனைவி எடுத்த செல்ஃபியில் வண்டியின் பக்கவாட்டில் கம்பெனிப் பெயரும் நம்பர் பிளேட்டும் விழுந்திருந்தன. ராத்திரி ஓட்டலில் உட்கார்ந்து படத்தோடு எழுதிப் போட்டேன்.

இணையத்தில் வந்த புகாருக்கு 15 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று விதி. பதினான்காவது நாள், நாங்கள் சென்னை வந்து சேர்ந்தபிறகு, இரண்டு வரி மெயில் வந்தது: அந்த ஓட்டுநர் இப்போது எங்களிடம் வேலை செய்யவில்லை, மேலும் கட்டணம் ஆளுக்கு என்று வண்டியில் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. மஞ்சள் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். சீட்டு இரண்டையும் மனைவி ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். ஆட்டோ பேரம் பேசக் கிளம்பும்போதெல்லாம் என் கண்ணில் படுகிறது.