ரயில் விருந்துக்கு 600 ரூவா குடுத்து போலாமா? நாங்க போயிட்டு வந்த கதை

போன சனிக்கிழமை ராத்திரி எங்க பக்கத்துல ஒரு சின்ன மியூசியத்துல ரயில் வரலாறு விருந்துன்னு ஒண்ணு வச்சாங்க. நாகர்கோவில்லேருந்து பைக்க எடுத்தா அரை மணி நேரத்துல போயிரலாம். ஆளுக்கு 600 ரூவா, சின்னப் பிள்ளையளுக்கு 300. வாற பணம் பூரா அங்க கெடக்குற பழைய ரயில் சாமானுக்கு கண்ணாடிப் பெட்டி செய்யவும் ஒழுகுற கூரையை மாத்தவும்தான். கடல் பக்கத்துல இரும்பு சாமான வச்சு காப்பாத்துறது எவ்ளோ பாடுன்னு நம்ம ஊர்ல ஜன்னல் கம்பிக்கு வருசா வருசம் பெயிண்ட் அடிக்கிற எல்லாருக்கும் தெரியும், உப்புக்காத்து விடவே விடாது. அதனால அம்மா, அக்கா, அக்கா மவன், நான்னு நாலு பேரா கெளம்பிட்டோம்.

வாசல்லயே மனசு நெறஞ்சு போச்சு. பழைய அட்டை டிக்கெட் தெரியும்லா, சின்னதா தடிச்சு இருக்குமே, அதே மாதிரி அடிச்சு வச்சிருந்தாங்க. தேதி குத்துற பழைய இரும்பு மெசின் ஒண்ணு மேசைல இருந்து, அட்டைய அந்த ஓட்டைக்குள்ள ஒரு தள்ளு தள்ளுனா "டக்டக்"னு ஒரு சத்தம், அட்டை ஓரத்துல தேதி பள்ளமா விழுந்துரும், வெரலால தடவுனா தெரியும். அக்கா மவன் மூணு தடவ வரிசைல போய் நின்னான், கவுண்டர்ல இருந்த அக்கா மூணு தடவயும் முகம் சுளிக்காம குத்திக் குடுத்தாங்க.

உள்ள தரைல சுண்ணாம்புல கோடு போட்டு வச்சிருந்தாங்க, ஒரு பக்கம் மீட்டர் கேஜ், அதான் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல கொறஞ்ச அகலம், 1,000 மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் அகலப்பாதை, அதான் பிராட்கேஜ், 1,676 மில்லிமீட்டர், ரெண்டு பக்கமும் நீளமா மேசைங்க. நம்பர காதால கேக்குறது வேற, அந்த கோட்டுக்கு நடுவுல கால அகட்டி நின்னு பாக்குறது வேற. இந்த யோசனை யாருக்கு வந்துச்சோ அவங்களுக்கு கை குடுக்கணும்.

இனி சாப்பாடு. தக்காளி சூப் ஆறிப்போய் வந்துச்சு, அத விட்டுருவோம். கட்லெட் அருமை, பீட்ரூட் போட்டது, மேல ரஸ்க்தூள் மொறுமொறுன்னு, கைல எடுத்தா சுடுது, நான் நாலு சாப்ட்டேன். ரயில்வே மட்டன் கறின்னு ஒண்ணு, வெள்ளைக்காரன் காலத்துல ரயில்ல சாப்புடுறவங்களுக்காக காரத்த கொறச்சு செஞ்ச கறின்னு சொல்லுவாங்க, உருளைக்கெழங்கும் போட்டு பன்னோட குடுத்தாங்க. கறி நல்லா பஞ்சு மாதிரி வெந்திருந்து, கொறையே சொல்ல முடியாது, ஆனா நல்லமொளவும் வறுத்தரச்ச தேங்காயும் போட்டு தின்னு வளந்த நாக்குக்கு அது பத்தல. அம்மா ரெண்டு வாய் தின்னுட்டு பையில இருந்து மாங்கா ஊறுகாய எடுத்துட்டாங்க. சைவத்துக்கு எலுமிச்சம்பழ சாதம், தயிர்சாதம், வெஜிடபிள் கட்லெட், சைவ மேசைல இருந்தவங்க நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. கடைசில முந்திரிக்கொத்தும் மட்டிப்பழமும், கூட அஸ்ஸாம் டீ. டீ எதுக்குன்னா, அஸ்ஸாம் திப்ரூகர்லேருந்து கன்னியாகுமரிக்கு வாற விவேக் எக்ஸ்பிரஸ் ஞாபகமாவாம், 2011ல விட்ட வண்டி, 4,000 கிலோமீட்டருக்கும் மேல ஓடுது, நாட்டுலயே நீண்ட தூரம் போற வண்டி அதுதான். ஒரு கிளாஸ் டீய இப்டி கொண்டு வந்து நிப்பாட்டுனது எனக்கு ரொம்ப புடிச்சிருந்து.

சரி, கொறைக்கு வாறேன். ஏழு மணின்னு போட்டுட்டு பந்தி எட்டுக்குதான் ஆரம்பிச்சாங்க, எங்க வரிசைக்கு கறி வாறதுக்கு அதுக்கு மேல முக்கா மணி நேரம் ஆச்சு, வயசானவங்க எல்லாம் வெறும் தட்ட பாத்துட்டு இருந்தாங்க. மைக் அப்பப்போ கட் ஆகி பேசுனதுல பாதி கேக்கல. பரிமாறுனது எல்லாம் காலேஜ் பிள்ளையதான், பாவம் ஓடி ஓடி செஞ்சாங்க, ஆனா இன்னும் பத்து பேராவது வேணும்.

இதெல்லாம் பெரிய வெசயம் இல்ல. என் மனசுல கெடக்குறது வேற. சொவத்துல மாட்டுன படம், மெனு, பேச்சு எல்லாமே வெள்ளைக்காரன் காலத்து ரயில் பத்தியே சுத்திட்டு இருந்துச்சு. ஆனா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அந்தக் காலத்துல ரயிலே கெடையாதுல்லா? திருநெல்வேலிக்கு 1876லயே ரயில் வந்துட்டு, திருவனந்தபுரத்துல தம்பானூர் ஸ்டேஷன் 1931ல வந்துட்டு, நடுவுல நாம மட்டும் பஸ்சுதான். 1956ல தமிழ்நாட்டோட சேந்தோம், அதுக்கு பொறவு 16 வருசம் கழிச்சு 1972ல இந்திரா காந்தி அடிக்கல் நாட்டி, 1979 ஏப்ரல்லதான் திருவனந்தபுரம் கன்னியாகுமரி பாதைய மொரார்ஜி தேசாய் தொறந்து வச்சார். திருநெல்வேலிக்குப் போற பாதை 1981லதான். மீட்டர் கேஜே பாக்காத பாதை நம்மளுது, மொத நாள்லேருந்தே பிராட்கேஜ். அதாவது நம்ம ரயிலோட மொத நாள பாத்தவங்க இன்னைக்கும் உசுரோட நம்ம வீட்டுலயே இருக்காங்க, அந்த மேசைலயே பத்து பதினஞ்சு பேர் இருந்திருப்பாங்க. அவங்ககிட்ட மைக்க குடுத்திருக்கணும்.

எங்க அம்மா அப்டி ஒரு ஆளு. 79ல அம்மாவுக்கு பதினாறு வயசு, வண்டி விட்ட மொத வாரத்துலயே தாத்தா எல்லாரையும் நாகர்கோவில்லேருந்து திருவனந்தபுரத்துக்கு கூட்டிட்டு போயிருக்காங்க, அங்க ஒரு சோலியும் கெடையாது, ரயில்ல போணும், திரும்பி வரணும், அவ்ளோதான். ஆச்சி வாழயெலய தணல்ல வாட்டி பொதிச்சோறு கட்டுனாங்களாம், சம்பா அரிசிச் சோறு, தேங்கா தொவையல், நெத்திலி வறுத்தது, அவிச்ச முட்டை. இரணியல் சுரங்கத்துக்குள்ள வண்டி நொழஞ்சதும் பெட்டி பூரா கூச்சலாம், தாத்தா மட்டும் இருட்டுல பொதிய கெட்டியா புடிச்சுட்டு இருந்தாங்களாம். இத அம்மா எங்க மேசைல சொன்னப்போ பக்கத்து மேசைக்காரங்க நாற்காலிய திருப்பி போட்டு கேட்டாங்க. எங்க ரயில் சாப்பாடுன்னா அந்த பொதிச்சோறுதான். அடுத்த தடவ மட்டன் கறி பக்கத்துல அதையும் வைங்கன்னு வெளிய வரும்போது எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.

அந்த ராத்திரில விலைமதிப்பே இல்லாததுன்னா டோக்கன், அதான் வண்டிய எடுக்க அனுமதியா டிரைவருக்கு குடுத்த இரும்பு உருண்டை, அத காட்டுனதுதான். திருநெல்வேலி பக்கம் தண்டவாளத்த மாத்தி விடுற பாயிண்ட்ஸ்மேனா இருந்து ரிட்டயர் ஆன ஒரு அண்ணாச்சி, எழுபது தாண்டியிருக்கும், மைக் வேண்டாம்னுட்டார், நல்ல கனத்த கொரலு. ஒத்தத் தண்டவாளத்துல எதிரெதிர்ல ரெண்டு வண்டி வந்துரக்கூடாதுல்லா, அதுக்கு அந்தக் காலத்துல ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒவ்வொரு மெசின், உள்ள இரும்பு உருண்டை, ஒரு நேரத்துல ஒரு உருண்டைதான் வெளிய வரும், அந்தப் பக்கத்து ஸ்டேஷன்காரர் சம்மதிச்சாதான் இந்தப் பக்கம் உருண்டை விழும். அது கைல இல்லாம டிரைவர் வண்டிய எடுக்கக் கூடாது. உருண்டைய தோல் பையில போட்டு பெரம்பு வளையத்துல கட்டி, ஓடுற வண்டில இருக்குறவங்ககிட்ட வாங்கவும் குடுக்கவும் செய்யணும். அண்ணாச்சி சட்டைய தோள்லேருந்து இறக்கி காட்டுனார், வளையம் வந்து வந்து அடிச்ச எடம் காய்ச்சு கருத்துப்போய் இருக்கு. "வலிக்குமா அண்ணாச்சி"ன்னு அம்மா கேட்டதுக்கு, "வலியப் பாத்தா வளையம் கீழ விழுந்துரும் தங்கச்சி, பொறவு வண்டில்லா நிக்கும்"ன்னார். அந்த உருண்டைய என் கைல குடுத்தார், நெனச்சத விட கனம். அந்த ஒத்த நிமிசத்துக்கே நான் குடுத்த 600 சரியாப் போச்சு.

அடுத்த தடவ போறவங்களுக்கு: கார் விட எடம் கம்மி, பைக்னா பிரச்சனை இல்ல. வயசானவங்க வந்தா பிராட்கேஜ் பக்கத்து மேசைய கேட்டு வாங்குங்க, நாற்காலிக்கு சாய்மானம் இருக்கு, மீட்டர் கேஜ் பக்கம் பெஞ்சுதான். ஆறு மணிக்கு வீட்டுல லேசா ஏதாவது சாப்ட்டுட்டு போங்க. பிள்ளையள கண்டிப்பா கூட்டிட்டு போங்க.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தாத்தாவோட டிரங்குப் பெட்டிய தொறந்து துழாவி, 79ல போன அந்த அட்டை டிக்கெட்ட எடுத்துட்டாங்க, எழுத்து பாதி மங்கிட்டு, தேதி குத்துன பள்ளம் மட்டும் இன்னும் வெரலுக்கு தட்டுப்படுது. கண்ணாடிப் பெட்டி ரெடி ஆனதும் மியூசியத்துக்கு குடுத்துரணும்னு சொல்லிட்டாங்க, பக்கத்துல தாத்தா பேரையும் பொதிச்சோறு கதையையும் எழுதி வைக்கணுமாம்.