குட்டன்பர்க் திட்டம்: மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பார்த்து எடுங்கள்

உலக இலக்கியத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது குட்டன்பர்க் திட்டத்தின் பெயரைத்தான். 1971 ஜூலை 4 அன்று மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகக் கணினியில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து ஏற்றியதில் தொடங்கிய இந்த மின்னூலகத்தில், இன்று 70,000க்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. கட்டணமும் இல்லை, கணக்குத் தொடங்கும் தொல்லையும் இல்லை. வேண்டிய நூலை இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பாகவோ வெறும் உரையாகவோ இறக்கிக்கொண்டு, அன்றிரவே வாசிக்க உட்காரலாம்.

இங்குள்ள உலக இலக்கியத்தில் பெரும்பகுதி பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள். அதனால் நூலாசிரியரின் பெயருக்கு அடுத்தபடியாக மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் பார்த்தே தீர வேண்டும் என்பேன். ஜூல் வெர்னின் கடலடிப் பயண நாவலையே எடுத்துக்கொள்வோம். கதையைச் சொல்லும் பேராசிரியர் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 'பேட்லேண்ட்ஸ்' எனப்படும் கரடுமுரடான வறண்ட பகுதியில் ஆய்வை முடித்துவிட்டுத் திரும்புகிறார். அந்த இடப்பெயரின் பிரெஞ்சு வடிவத்தை, 1870களில் மொழிபெயர்த்த மெர்சியர், 'விரும்பத்தகாத பிரதேசம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். மூலத்தின் கணிசமான பகுதியையும் அவர் வெட்டியிருக்கிறார். வெர்ன் சிறுவர்களுக்கு மட்டுமே எழுதியவர் என்ற எண்ணம் ஆங்கில வாசகர்களிடையே வேரூன்றியதற்கு இத்தகைய பதிப்புகள் முக்கியக் காரணம். அதே நாவலை எஃப். பி. வால்டர் முழுமையாக மொழிபெயர்த்த பதிப்பும் இதே நூலகத்தில் 2488 என்ற எண்ணில் கிடைக்கிறது. தேடல் முடிவுகள் தரத்தின்படி அல்லாமல், அதிகம் இறக்கப்பட்டவை முன்னால் வருமாறு அடுக்கப்படுவதால், முதலில் கண்ணில் படுவதைச் சொடுக்கிவிடாமல் சற்றுக் கீழே இறங்கிப் பார்ப்பது நல்லது.

பழைய மொழிபெயர்ப்பு என்றாலே குறையுடையது என்று நான் சொல்ல வரவில்லை. டால்ஸ்டாயை நேரில் அறிந்திருந்த மாட் தம்பதியின் 'போரும் அமைதியும்' இன்றும் மதிப்போடு வாசிக்கப்படுகிறது. கான்ஸ்டன்ஸ் கார்னெட் 13 தொகுதிகளாக ஆங்கிலத்தில் தந்த செகாவ் சிறுகதைகள்தாம் என்னை இந்த நூலகத்தோடு கட்டிப்போட்டவை. ஒரு கதை முடிந்ததும் அடுத்ததைத் தேடித் தேடி வாசித்த அந்த மாதங்களை என்னால் மறக்க முடியாது.

உரையின் தரமும் நம்பத்தக்கது. 2000ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர்கள், ஸ்கேன் செய்த பக்கத்தையும் அதிலிருந்து கணினி எடுத்த உரையையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் பல சுற்றுகள் மெய்ப்புப் பார்த்து வருகிறார்கள். பெயர் தெரியாத அந்த வாசகர்களுக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன்.

நவீன இலக்கியத்துக்கு மட்டும் இதை நம்பி வர வேண்டாம். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளியான நூல்கள் பொதுவாக 95 ஆண்டுகள் கழிந்த பிறகே காப்புரிமை நீங்கி யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்தாகின்றன. ஆகவே 1960களில் உலகையே திரும்பிப் பார்க்கவைத்த லத்தீன் அமெரிக்க நாவல்களோ, விடுதலைக்குப் பிந்தைய ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் முதன்மைப் படைப்புகளோ இங்கே கிடைக்காது. அவற்றுக்கு நல்ல பொது நூலகத்தைத்தான் நாட வேண்டும். நான் செகாவை இங்கே வாசித்து முடித்துவிட்டு, அவரிடம் கற்றுக்கொண்ட பிற்காலச் சிறுகதையாளர்களை அங்கே தேடிப் போனேன்.