டெம்ப்எஃப்எஸ்ஸில் கொம்பைல்: பறக்குமோ என்று கேட்ட தம்பிக்கு

முள்ளியவளைத் தம்பி ஒருவர் டெபியன் 13 என்ற லினக்ஸைப் புதிதாகப் போட்டுவிட்டுக் கேட்டார்: "அண்ணை, டெம்ப் ஃபோல்டர் இப்ப ரேமிலதானாம். அதுக்குள்ள வச்சுக் கேர்னலைக் கொம்பைல் பண்ணினா பறக்குமோ?"

அவர் கேட்டது டெம்ப்எஃப்எஸ்ஸை, அதாவது கோப்புகளை டிஸ்க்கில் அல்லாமல் ரேமிலேயே வைக்கிற ஏற்பாட்டை. கேர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; அதன் மூலநிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றிக் கட்டுவதுதான் கொம்பைல். பறக்காது. ஒருமுறை வாசித்த கோப்பை லினக்ஸ் எப்படியும் மிச்ச ரேமில் வைத்துக்கொள்ளும். கொம்பைலில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் ப்ராசசர்தான். கிளிநொச்சியில் என் மேசைக் கணினியில் எஸ்எஸ்டிக்கும் டெம்ப்எஃப்எஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பிளேன்டீ கூடக் குடிக்க முடியாது.

எனக்குப் பிடித்தது வேறு. கேர்னல் மூலநிரலில் மட்டும் 70,000-க்கு மேல் கோப்புகள். முந்திய ஹார்ட் டிஸ்க்கில் அதை அழிக்கக் கொடுத்தால் கரகரவென்று அரைத்துக்கொண்டே கிடக்கும். இதில் எண்டர் தட்டிக் கை எடுக்க முன் காலி. கொம்பைலின் நடுவில் உருவாகி, பிறகு குப்பையாகப் போகிற ஒப்ஜெக்ட் கோப்புகளை எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்வதும் இல்லை. அருமையான சாமான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பாதிக் கணக்கு! அளவைச் சொல்லாமல் விட்டால் டெம்ப்எஃப்எஸ் ரேமில் பாதி வரைக்கும்தான் எடுக்கும். 8 ஜிபிக்கு 4. பிழை தேட உதவும் டிபக் தகவலோடு கட்டினால் அது எந்த மூலைக்கு? ஃபேன் கத்தக் கத்த ஓடி, துண்டுகளை எல்லாம் ஒன்றாக்கி லிங்க் பண்ணுகிற கடைசி நேரம் பார்த்து "இடமில்லை" என்று நிற்கும். ரீமவுண்ட் பண்ணி அளவைக் கூட்டலாம், ஒரு வரிக் கட்டளைதான். கூட்டினால் கொம்பைலருக்கு ரேம் போதாமல், ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய ஸ்வாப்புக்குள் இறங்கும். ஸ்வாப் இருப்பதோ அதே எஸ்எஸ்டியில். அப்புறம் எதற்கு இந்தக் கூத்து?

மாரி தொடங்கினால் எங்கள் பக்கம் கரண்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. போய் வந்தால் ஃபோல்டர் வெறுமை. டிஸ்க்கில் என்றால், கட்டும் வேலையை நடத்துகிற மேக் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால் மூலநிரலையும், கொம்பைல் ஆனவற்றைச் சேமித்து வைக்கிற சிகேஷையும் டிஸ்க்கில் வைத்துவிட்டு, கட்டி வருவதை மட்டும் டெம்ப்எஃப்எஸ்ஸுக்கு அனுப்புகிறேன். கரண்ட் போனாலும், முன்பு கொம்பைல் ஆனதைச் சிகேஷ் எடுத்துக் கொடுத்துவிடும்.

நேற்றும் லிங்கில் நின்றது, அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன். தம்பி, பேசாமல் அந்த டெம்ப் மவுண்டை மாஸ்க் பண்ணி முடக்கிவிட்டு ரீபூட் கொடுங்கள், எஸ்எஸ்டியிலேயே கட்டுங்கள். என்னுடையதை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள்.