நண்பர்களோடு கோடைப் பயணம்: பாஸ்டனா, பிலடெல்பியாவா?

நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு ஜூன் பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். டெக்சாஸிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் கல்லூரி நண்பர்கள் வருகிறார்கள். நியூயார்க்கைப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். "வேற ஏதாவது பழைய ஊருக்குப் போவோம்டா" என்கிறார்கள். பக்கத்தில் இருப்பவை இரண்டு. எடிசனிலிருந்து பிலடெல்பியா ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். பாஸ்டனுக்குச் சாலை காலியாக இருந்தாலே நான்கு மணி நேரத்துக்கு மேல். இரண்டுக்கும் நண்பர்களை அழைத்துப் போயிருக்கிறேன். போன கோடையில் எட்டுப் பேருக்காக முடிவெடுக்க வேண்டியிருந்தபோது பாஸ்டன் என்றேன், இனிமேலும் அதையே சொல்வேன்.

செலவில் பிலடெல்பியாவுக்குத்தான் வெற்றி. பாஸ்டனில் கோடையில் ஹோட்டல் வாடகையைப் பார்த்தால் வயிறு எரியும். தூரமும் பிலடெல்பியாவுக்கே சாதகம். வரலாற்றில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை: அமெரிக்க விடுதலைச் சண்டை மூண்டது பாஸ்டன் பக்கம், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து விழுந்தது பிலடெல்பியாவில்.

வெயிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜூலையில் பிலடெல்பியாவின் பகல் வெப்பம் சராசரியாக பாஸ்டனைவிட ஐந்தாறு டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதல். கடல் காற்றும் எட்டாது என்பதால் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். 1787 கோடையில் அரசியல் சட்டம் எழுதக் கூடியவர்கள், பேச்சு வெளியே போகக்கூடாது என்று ஜன்னல்களை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். செங்கல் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் அந்தத் தெருக்களில் மதியம் இரண்டு மணிக்கு நடந்தால் அவர்கள் மேல் தனி மரியாதை வரும். பாஸ்டனிலும் வெயில் உண்டு, ஆனால் துறைமுகப் பக்கம் வந்துவிட்டால் பல நாட்களில் கடல் காற்று காப்பாற்றிவிடும். சென்னைக்காரனுக்கு இதெல்லாம் வெயிலா என்று கேட்பவர்கள், ஏசி அறையில் பத்து வருடம் இருந்துவிட்டுக் கேளுங்கள்.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் வெயில் இல்லை. எட்டுப் பேரைக் கட்டி மேய்க்கிற வேலைதான்.

குடும்பத்தோடு போனால் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் நடப்பார்கள். நண்பர்களோடு அது நடக்காது. ஒருவன் காலை ஆறு மணிக்கே ஷூ போட்டுத் தயாராக இருப்பான், இன்னொருவன் பதினொரு மணிக்குக் காபி தேடுவான். ஒருவருக்குக் கல்லறையில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும், மற்றவருக்கு நிழலும் ஐஸ்கிரீமும் போதும். எல்லாரையும் ஒரே நேரத்துக்கு ஓரிடத்தில் சேர்ப்பது தவளையைத் தராசில் நிறுத்துகிற கதை. பிலடெல்பியா கேட்பது அதைத்தான். அந்தக் கையெழுத்து விழுந்த இன்டிபென்டன்ஸ் ஹாலுக்குள் போக, வருடத்தின் பெரும்பகுதியில் நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். இணையத்தில் தலைக்கு ஒரு டாலர் முன்பதிவுக் கட்டணம், அவ்வளவுதான். ஆனால் பதினொன்றரை என்றால் பதினொன்றரைக்குள் பாதுகாப்புச் சோதனை முடித்து நிற்க வேண்டும். ஒருமுறை எங்களில் பாதிப் பேர் உள்ளே இருந்தோம், மீதிப் பேர் பார்க்கிங் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை வரைக்கும் அதே பேச்சு.

பாஸ்டனில் இந்தத் தலைவலி கிடையாது. ஃப்ரீடம் டிரெயில் என்று ஒரு சிவப்புக் கோடு நடைபாதையில் ஓடுகிறது, சில இடங்களில் செங்கல்லாக, சில இடங்களில் வெறும் பெயின்டாக. 1951ல் ஒரு பத்திரிகையாளரின் யோசனையில் வந்தது. பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்கி பங்கர் ஹில் வரை இரண்டரை மைல், வழியில் 16 இடங்கள். வழிகாட்டி வேண்டாம், மேப் வேண்டாம், யாரும் தலைமை தாங்கவும் வேண்டாம். "கோட்டைப் பிடித்து வா, குவின்சி மார்க்கெட்டில் பார்ப்போம்" என்று சொன்னால் போதும். பின்தங்கியவன் தானாக வந்து சேர்வான்.

கிரானரி கல்லறையில் விடுதலைப் போராட்டத்தின் பெருந்தலைகளான சாமுவேல் ஆடம்ஸும் ஜான் ஹான்காக்கும் பால் ரிவியரும் ஒரே வளாகத்தில் கிடக்கிறார்கள். படிக்கிறவர்கள் அங்கே நிற்கட்டும். மற்றவர்கள் முன்னே போய், 1770ல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்ட இடத்தையும் பழைய ஸ்டேட் ஹவுஸையும் பார்த்துவிட்டு மார்க்கெட்டில் சாப்பிட உட்காரலாம். அப்புறம் நார்த் எண்ட், இத்தாலியர்களின் பேட்டை. கனோலி என்கிற இத்தாலிய இனிப்பு வாங்கும் வரிசையில் நிற்பவர்கள் நிற்கலாம், பால் ரிவியர் வீட்டுக்குப் போகிறவர்கள் போகலாம். பாலத்தைத் தாண்டி சார்ல்ஸ்டவுன் போனால், விடுதலைப் போரில் நடந்த ஒரு சண்டைக்கான பங்கர் ஹில் நினைவுத் தூண். 294 படிகள், லிஃப்ட் இல்லை. எங்கள் கூட்டத்தில் பாதி ஏறியது, பாதி புல்தரையில் படுத்துவிட்டது. யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. 1797ல் கடலில் இறக்கிய கான்ஸ்டிட்யூஷன் போர்க்கப்பல் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். கட்டணம் இல்லை, பெரியவர்கள் புகைப்பட அடையாள அட்டை மட்டும் கொண்டுபோக வேண்டும். திரும்பி நடக்கத் தெம்பில்லாதவர்களுக்கு கப்பல் நிற்கும் நேவி யார்டிலிருந்து நகர மையத்துப் படகுத்துறையான லாங் வார்ஃபுக்குப் படகு இருக்கிறது. அன்றைய நாளில் எல்லாரும் சேர்ந்து ஏறிய ஒரே வண்டி அதுதான்.

தனித்தனியாக வந்து சேர்வதற்கும் பாஸ்டன் தோது. லோகன் விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது, அங்கிருந்து நகருக்குள் வரும் சில்வர் லைன் பேருந்துக்குக் கட்டணமே கிடையாது. காரில் போகிறவர்கள் ஊருக்குள் கொண்டுபோகாதீர்கள். ஏல்வைஃப், குவின்சி ஆடம்ஸ் மாதிரி ரெட் லைன் மெட்ரோ ரயில் நிறுத்தங்களில் பெரிய பார்க்கிங் கட்டடங்கள் இருக்கின்றன.

நம்மோடு ஒரு ஒட்டுறவும் உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேல் பிறந்தது பாஸ்டனில்தான். 1773ல் பிரிட்டிஷ் வரியை எதிர்த்து பாஸ்டன்காரர்கள் துறைமுகத்தில் கொட்டிய 342 பெட்டித் தேயிலையும் அந்தக் கோட்டையை வைத்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. இதைச் சொன்னதும் எங்கள் கூட்டத்தில் வரலாறே பிடிக்காத ஆளும் காதைக் கொடுத்தான்.

பிலடெல்பியாவையும் குறைத்துச் சொல்ல மனமில்லை. ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலைக்கு இணையான ஓரிடம் பாஸ்டனில் நான் பார்க்கவில்லை. 1829ல் திறந்தது, கைதிகளைத் தனித்தனி அறையில் அடைத்துத் திருத்தப் பார்த்த இடம். ரீடிங் டெர்மினல் மார்க்கெட்டில் மட்டும் அரை நாள் ஓட்டலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆமிஷ்காரர்களின் (பழைய முறையில் வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) கடைகள் மூடியிருக்கும். நான் போனதெல்லாம் காலையில் போய் இரவில் திரும்பும் பயணங்கள், அதனால் ராத்தங்கல் எப்படி என்று என்னால் பேச முடியாது. மூன்று நான்கு பேர்தான், எல்லாரும் ஒரே காரில், சொன்ன நேரத்துக்கு வருகிறவர்கள் என்றால் என் கணக்கு மாறும். மழை நாள் என்றாலும் பிலடெல்பியாதான். அந்தச் சிவப்புக் கோட்டில் நனைந்துகொண்டு நடப்பதில் ஒரு சுகமும் இல்லை.

பாஸ்டன் என்று முடிவு செய்தால் ஆகஸ்ட் கடைசி நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கே ஏராளமான வாடகை ஒப்பந்தங்கள் செப்டம்பர் 1ல் மாறும். மாணவர்கள் வீடு மாற்றுகிற லாரிகளே தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். ஜூன் நடுவில் போனால் வெயிலும் அவ்வளவு ஏறியிருக்காது.